மனப்பாட வசனம் தீர்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? டேட்டிங் தடுமாற்றங்கள், அறிகுறி வாரியாக

முழுதையும் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம், ஏனென்றால் கீழே இருக்கிற பாதிப் பிரச்சினைக்கு வேர் இதுதான்.

டேட்டிங் டெக்னிக் எதுவுமே வேலை செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. சில நேரம் செய்யும். ரீல்ஸில் யாரோ சொல்லிக்கொடுத்த முதல் வரியை அப்படியே அனுப்பினால் சிலர் பதில் போடத்தான் செய்வார்கள். ஆனால் அது வேலை செய்யும்போதுகூட அந்தப் புண்ணியம் உங்கள் கணக்கில் ஏறுவதில்லை, "அந்த வரியைப் போட்டதால சிரிச்சாங்க" என்றுதான் மனசு எழுதிக்கொள்கிறது, அடுத்த முறை வரி இல்லாமல் போய் உட்காரும் துணிச்சல் இன்னும் கொஞ்சம் குறைகிறது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் சமூகப் பதற்றம் ஏன் வருடக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதில் 'பாதுகாப்பு நடத்தை' என்று ஒன்று வரும். பேசப்போவதை உள்ளுக்குள் ஒத்திகை பார்ப்பது, கை நடுங்குவது தெரியாமல் டம்ளரை இறுக்கிப் பிடிப்பது, இந்த மாதிரி. பயந்தது நடக்காமல் போனாலும் "ஒத்திகை பார்த்ததால தப்பிச்சேன்" என்றுதான் ஆளுக்குத் தோன்றும். பயப்பட அங்கே பெரிதாக ஒன்றுமே இல்லை என்பது கடைசிவரை தெரியவே தெரியாது.

அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் இப்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?

பெரும்பாலும் ஆண்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். வசனம் விற்கிறவர்கள் குறிவைப்பது அவர்களைத்தான். பெண்களுக்கு விற்கப்படுவது வேறு சரக்கு, அதற்கும் இடையில் ஒரு இடத்தில் வருகிறேன்.

அறிகுறி: முதல் ரெண்டு நிமிஷம் அமோகம், அப்புறம் மயான அமைதி

இதுதான் அதிகம் பேருக்கு. பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடை, ஆப் வழியாக அறிமுகமான இருவர், முதல் சந்திப்பு. ஒருவர் தான் தயாரித்துக்கொண்டு வந்த கேள்வியைப் போடுகிறார்.

"உலகத்துல எங்க வேணா போகலாம்னா எங்க போவீங்க?"

"எங்கயும் வேணாம். கும்பகோணத்துல எங்க பாட்டி வீடு. ஆனா இப்ப அது இல்லை, போன வருஷம் வித்துட்டாங்க."

"ஓ, சூப்பர். சரி, உங்களுக்கு மலையா, கடலா?"

இந்த ஆளுக்குக் காது கேட்காமல் இல்லை. அவர் கவனம் முழுக்க அடுத்த கேள்வியை நினைவில் வைத்திருப்பதில் இருந்தது, அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் அரை மணி நேரம் பேசக்கூடிய ஒரு விஷயத்தை எடுத்து மேசையில் வைத்தார், இவர் அதை நகர்த்தி வைத்துவிட்டு மலையா கடலா என்கிறார். "வித்துட்டாங்களா? நீங்க கடைசியா எப்ப போனீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். அதில் புத்திசாலித்தனம் எதுவும் தேவையில்லை.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த கேரன் ஹுவாங்கும் குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கேள்வி கேட்பவர்களை மற்றவர்களுக்குப் பிடிக்கிறது, அதிலும் எதிராளி சொன்னதிலிருந்து எழும் தொடர் கேள்விகளுக்குத்தான் அதிக மதிப்பு என்று தெரியவந்தது. ஸ்பீட் டேட்டிங் (ஒவ்வொருவரோடும் சில நிமிடம் மட்டும் பேசிப் பார்ப்பது) உரையாடல்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொடர் கேள்வி அதிகம் கேட்டவர்களுக்கு இரண்டாவது சந்திப்புக்குச் சம்மதம் அதிகம் கிடைத்திருந்தது.

செய்ய வேண்டியது: வாயைத் திறக்கும் முன் ஒரு சோதனை. "இந்தக் கேள்வியை ஒரு நிமிஷம் முன்னாடியே கேட்டிருக்க முடியுமா?" முடியும் என்றால் அது மனப்பாடம், விட்டுவிடுங்கள். அவர் இப்போது சொன்னதைக் கேட்ட பிறகு மட்டுமே பிறக்கக்கூடிய கேள்வி என்றால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேள்வியாகவே அடுக்கினால் விசாரணைக் கமிஷன் ஆகிவிடும், அதனால் நடுவில் உங்கள் பாட்டி வீட்டையும் கொஞ்சம் சொல்லுங்கள். பேச்சு நின்றால் நிற்கட்டும். காபியை ஒரு வாய் குடியுங்கள். மூன்று விநாடி மௌனம் உங்களுக்குத்தான் முப்பது விநாடியாகத் தெரிகிறது.

அறிகுறி: சாட்டில் சிங்கம், நேரில் எலி

சாட்டில் ஒரு வரியை எழுதி அழித்து, நண்பனுக்கு ஸ்க்ரீன்ஷாட் போட்டு, சாட்ஜிபிடியிடம் கேட்டு அனுப்ப நேரம் இருக்கிறது. நேரில் நண்பனும் சாட்ஜிபிடியும் உங்களோடு வந்து உட்கார மாட்டார்கள். எதிரில் இருப்பவருக்கு இன்னும் குழப்பம்: ரெண்டு வாரமாகப் பேசின ஆள் எங்கே, இது யார்?

சாட்டைக் குறையுங்கள். நாலைந்து நாள் பேசிய பிறகு "பத்து நிமிஷம் கால் பேசலாமா?" என்று கேளுங்கள். வாய்ஸ் நோட் அனுப்பினால் ஒரே முறை பேசி அனுப்புங்கள், தடுமாறியதும் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யும் வேலை வேண்டாம். முதல் சந்திப்பைப் பகல் நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஒரு காபி அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "ஆறு மணிக்கு நான் கிளம்பணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரண்டு பேருக்குமே பாரம் குறையும், பெண்ணுக்குப் பாதுகாப்பும் கூடும்.

முதல் வரிப் பாரம் ஆண்களுக்கு மட்டும்தான் என்று ஒரு புலம்பல் உண்டு. பெண்தான் முதலில் எழுத வேண்டும் என்ற விதியோடு 2014-ல் தொடங்கிய பம்பிள் என்ற டேட்டிங் ஆப், 2024-ல் 'ஓப்பனிங் மூவ்ஸ்' (பெண் முன்கூட்டியே ஒரு கேள்வியை வைத்துவிடலாம், மேட்ச் ஆனவர் அதற்குப் பதில் எழுதித் தொடங்கலாம்) கொண்டுவந்து அந்த விதியைத் தளர்த்தியது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் புதிதாக முதல் வரி யோசிப்பது பெண்களுக்கும் சுமைதான்.

அறிகுறி: குரல் நடுங்குது, வேர்க்குது, எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க

பார்க்கவில்லை. 2000-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழு வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பாடகர் பேரி மனிலோவின் முகம் போட்ட டி-ஷர்ட், சோதனைக்கு வந்த மாணவர்களுக்குப் போட்டுக்கொள்ளவே கூச்சம். அதை மாட்டிவிட்டு, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான்.

உங்கள் நடுக்கமும் அப்படித்தான். நீங்கள் உள்ளே இருந்து உணர்கிறீர்கள், அவர் வெளியே இருந்து பார்க்கிறார், இரண்டும் ஒரே அளவு இல்லை. சமூகப் பதற்றத்துக்கான சிகிச்சையில் ஆளைப் பேசவிட்டு வீடியோ எடுத்து அவருக்கே போட்டுக் காட்டுவார்கள், "இவ்வளவுதான் தெரிஞ்சுதா?" என்று அவரே கேட்பதற்காக. வீட்டில் நீங்களும் செய்யலாம், நண்பரோடு ஐந்து நிமிடம் பேசி போனில் எடுத்தால் போதும். ஆனால் பார்க்கும் முன் எவ்வளவு மோசமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதிவைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பலன் இல்லை.

அடுத்து, நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் பிடிமானங்களைப் பட்டியல் போடுங்கள். அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பது, ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசும் முன் உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பது, கண்ணைத் தவிர்ப்பது, போவதற்கு முன் ஒரு பீர். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். ஒரு சந்திப்புக்கு ஒன்று. இந்த முறை போன் பையில், மற்றதெல்லாம் அப்படியே. அடுத்த முறை இன்னொன்று. பீரை மட்டும் முதலிலேயே விட்டுவிடுங்கள், குடித்துவிட்டுப் பேசிய பேச்சுக்கான முழுப் பெருமையும் பீருக்குத்தான் போகும்.

வீட்டுக்கு வந்து "சொதப்பிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்பவர்களுக்கு: எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018-ல் காட்டிய விஷயம், புதியவர்கள் இருவர் பேசி முடித்த பிறகு, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைப் பொதுவாக இருவருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்களே உங்களுக்குப் போடுகிற மார்க்கை நம்பாதீர்கள்.

அறிகுறி: கலாய்ச்சா பிடிக்கும்னு சொன்னாங்க, கலாய்ச்சேன், ஆளையே காணோம்

இது இறக்குமதிச் சரக்கு. கனடாக்காரரான எரிக் வான் மார்கோவிக், தொழில் மேஜிக், 'மிஸ்டரி' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு 2000-களின் தொடக்கத்தில் கட்டண வகுப்பு நடத்தி இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். 'நெகிங்' என்பார்கள். பாராட்டு மாதிரி தொடங்கி லேசாக மட்டம் தட்டினால் அந்தப் பெண் உங்கள் அங்கீகாரத்தைத் தேடி வருவார் என்பது கணக்கு. 2007-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதற்குத் தனி நிகழ்ச்சியே வந்தது. இன்று தமிழ் ரீல்ஸில் "ஆல்ஃபா" என்று தொடங்கி வருவதில் பெரும்பகுதி அதன் எச்சம்தான்.

நம் ஊரில் கலாய்ப்பது நட்பின் பாஷை என்பது உண்மை. பத்து வருட நண்பன் "உன் மூஞ்சிக்கு இது தேவையா" என்றால் சிரிக்கிறோம், ஏனென்றால் அவன் நம் பக்கம் என்று தெரியும். முதல் சந்திப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. "நீங்க போட்டோல இன்னும் நல்லா இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு ஜோக் என்றால் அவருக்குக் கேட்டது முதல் பாதி மட்டும்தான். சரிசெய்யவெல்லாம் வேண்டாம், மொத்தமாக எடுத்துவிடுங்கள். கலாய்த்தே ஆக வேண்டும் என்றால் உங்களையே கலாய்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அளவாக.

பெண்களுக்கு விற்கப்படும் சரக்கு என்றேனே, அதுவும் இதே குடும்பம்தான். மூன்று மணி நேரம் கழித்துப் பதில் போடு, ப்ளூ டிக்கை அணைத்து வை, முதலில் மெசேஜ் பண்ணாதே, ஏங்க விடு. விளைவு, இரண்டு பக்கமும் போனைப் பார்த்தபடி யார் முதலில் எழுதுவது என்று உட்கார்ந்திருப்பது. பதில் சொல்லத் தோன்றும்போது பதில் சொல்லுங்கள். வேலையாக இருந்தால் வேலையைப் பாருங்கள்.

அறிகுறி: எல்லார்கிட்டயும் சரளம், பிடிச்ச ஆள்கிட்ட மட்டும் ஊமை

இதைக் கேட்கும்போது எனக்கு முதலில் கோபம் வருவது நாம் படித்த இடங்கள் மேல்தான். வகுப்பில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எத்தனையோ தனியார் பொறியியல் கல்லூரிகளில் பெண்ணோடு நின்று பேசினால் ஐடி கார்டைப் பிடுங்குவது, வீட்டுக்குப் போன் போடுவது, கல்லூரிப் பேருந்தில்கூட இடம் பிரிப்பது. இருபத்திரண்டு வயது வரை சாதாரணமாகப் பேசவே விடாமல் வளர்த்துவிட்டு, அப்புறம் ஓஎம்ஆரில் வேலைக்கு அனுப்பி, ஆப்பைக் கையில் கொடுத்து "பேசு" என்றால் அவன் ரீல்ஸில் வசனம் தேடாமல் என்ன செய்வான்? உங்களுக்கு ஏதோ குறை என்று நினைக்காதீர்கள், இது பழக்கம் இல்லாத கோளாறு. பழகினால் சரியாகும்.

ஆனால் பழகுவதற்கான இடம் டேட் இல்லை. காதல் கணக்கு எதுவும் இல்லாத இடங்களில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத்தில் வேறு டீமில் இருக்கும் பெண், கடைக்காரர், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர். ஒரு வரி கூடுதலாகப் பேசுங்கள், அவ்வளவே. அப்புறம், பலர் சேர்ந்து ஏதாவது செய்யும் இடங்களுக்குப் போங்கள். சென்னை ரன்னர்ஸ் மாதிரி ஓட்டக் குழு, 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் பறவை பார்க்கும் நடை, ஆகஸ்டில் மெட்ராஸ் தினத்தையொட்டி நடக்கும் ஊர் சுற்றல், இப்படி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பைனாகுலரைக் கைமாற்றிக்கொள்ளும்போது என்ன பேசுவது என்ற கேள்வியே எழாது, பூநாரை அங்கே நிற்கும். ஒரே நிபந்தனை: பெண் தேடிப் போகாதீர்கள். பறவையில் ஆர்வம் இல்லையென்றால் பறவை பார்க்கப் போகாதீர்கள், இரண்டாவது வாரமே தெரிந்துவிடும்.

பஸ் ஸ்டாப்பில் தெரியாத பெண்ணை நிறுத்திப் பேசிப் 'பயிற்சி' எடுக்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. வேண்டவே வேண்டாம். உங்களுக்கு அது பயிற்சி, அவருக்கு அது இன்னொரு பயமான சாயங்காலம்.

அறிகுறி: ஒரு பல்பு வாங்கினா பத்து நாள் எழ முடியலை

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பின்னாளில் பெரிய பெயர் எடுத்தவர், இளமையில் பெண்களிடம் பேசவே நடுங்கியவர். 19 வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மாதம் தொடர்ந்து போய், பெஞ்சில் தனியாக இருக்கும் பெண்கள் அருகில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது என்று தனக்கே வேலை வைத்துக்கொண்டார். நூறு பேர் போலப் பேசினார்கள். ஒரே ஒருவர் சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. ஆனால் எல்லிஸின் பயம் போய்விட்டது. எனக்கு இதில் பிடித்தது, அவரிடம் டெக்னிக்கும் இல்லை, வெற்றியும் இல்லை, பயம் மட்டும் கரைந்தது என்பதுதான். மறுப்பு வந்தால் என்ன ஆகும் என்று உடம்பே தெரிந்துகொண்டது. ஒன்றும் ஆகாது.

அந்தப் பூங்கா வேலையை இன்று நம் ஊரில் அப்படியே செய்யாதீர்கள், மேலே பஸ் ஸ்டாப்புக்குச் சொன்னதுதான். நீங்கள் செய்யக்கூடியது, மறுப்பு வரும் என்று தெரிந்தே நேர்மையாகக் கேட்பதும், வந்தால் ஒழுங்காக வாங்கிக்கொள்வதும். "சரிங்க, நேராச் சொன்னதுக்கு நன்றி." முற்றுப்புள்ளி. ஏன் என்று கேட்கக் கூடாது, நீளமாக எழுதக் கூடாது, நாலு நாள் கழித்துப் 'பழைய நினைவு' மீம் அனுப்பக் கூடாது.

துரத்தத் துரத்தக் கனியும் என்று நம் சினிமா ஹீரோக்கள் பல தலைமுறையாகக் காட்டிக்கொடுத்த பாடம் ஒன்று உள்ளது. சட்டம் அதை வேறு பெயரில் பார்க்கிறது. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும், அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் 2013 முதலே குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ம் பிரிவு, முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. தன்னம்பிக்கை வகுப்பில் "நோ என்றால் இன்னும் முயற்சி செய்" என்று யாராவது சொன்னால், காசு போனாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

அறிகுறி: பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியலை

முடியைக் கோதினால் இது, கால் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் அது என்று சைகை அகராதி பார்ப்பதை நிறுத்துங்கள். கேளுங்கள். "இன்னைக்குப் பேசினது எனக்கு நல்லா இருந்தது. அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாமா? இல்லைன்னாலும் சொல்லுங்க, ஒன்னும் இல்லை." அவர் "பிஸி" என்று சொல்லி வேறு நாளும் சொல்லவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். வேண்டுமானால் ஒரு முறை "டைம் கிடைச்சா நீங்களே சொல்லுங்க" என்று போட்டுவிட்டு விலகிவிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் நல்லாத்தான் போகுது, ஆனா நடிக்கிற மாதிரியே இருக்கு

மூன்றாவது, நான்காவது சந்திப்பில் வரும். ப்ரொஃபைலில் ட்ரெக்கிங் என்று போட்டிருப்பீர்கள், ஏறியது திருவண்ணாமலை ஒரு தடவை. அதைவிடப் பெரிய நடிப்பு, சென்னையிலும் பெங்களூரிலும், இங்கிலீஷ். விருதுநகரிலோ தர்மபுரியிலோ தமிழ் மீடியம் படித்து வந்தவர், டேட் என்றால் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்த வாக்கியங்களோடு போகிறார். வசனக்காரர்கள் விற்கும் வரிகளும் இங்கிலீஷில்தான். அது தீர்ந்ததும் தொடர் கேள்வி கேட்க வார்த்தை வராது, ஜோக் அடிக்க வராது, தமிழில் ஊரையே சிரிக்க வைக்கும் ஆள் "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவரைப் பிடிக்கவில்லை என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்தால், உண்மையான இவரை அவர் பார்க்கவே இல்லை.

முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்கு இங்கிலீஷ் வேகமா வராது, தமிழ்ல பேசலாமா?" பலருக்கு இதைக் கேட்டதும் அப்பாடா என்றிருக்கும், அவரும் அதே நடிப்பில்தான் இருந்திருப்பார். முகம் சுளிப்பவரும் உண்டு. அவரோடு ஆறு மாதம் நடிப்பதைவிட அன்றைக்கே தெரிவது லாபம். எதிரில் இருப்பவருக்குத் தமிழே தெரியாது என்றால் தப்பும் தவறுமாகத் தயங்காமல் பேசுங்கள், ஒப்பிக்க மட்டும் வேண்டாம்.

ஏற்கெனவே சொன்ன சின்னப் பொய்களைத் திருத்துவதும் இதே மாதிரிதான், நீதிமன்ற வாக்குமூலம் போல வேண்டாம். "ட்ரெக்கிங்னு போட்டேன்ல, சும்மா போட்டேன். எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா தூக்கம்தான்." அதற்குமேல் இழுக்காதீர்கள்.

மேலே சொன்னது எதுவும் வேலை செய்யவில்லை என்றால்

டேட்டில் மட்டும் இல்லை, அலுவலக மீட்டிங்கில் வாய் திறக்க முடியவில்லை, பிறர் எதிரில் சாப்பிடக் கூசுகிறது, கல்யாண வீட்டுக்குப் போவதையே தவிர்க்கிறீர்கள், இது ஆறு மாதத்துக்கும் மேலாக இருக்கிறது என்றால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்கு நன்றாகப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி) என்பார்கள், பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றுவது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். மாத்திரை தேவையா இல்லையா என்பதை மனநல மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். படபடப்பு குறையும் என்று நண்பன் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மாத்திரையை டேட்டுக்கு முன் போட்டுக்கொள்ளாதீர்கள், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அதில் சிலது ஆபத்து.